கள்வரைப் பற்றிய படிப்பு எதற்கு?

திருகோணமலையில், உட்துறைமுகத்தை நோக்கியிருக்கும் ஒரு வீட்டின் திண்ணையிலே, சென்ற விடுமுறைக் காலத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தோம். வீட்டுக்காரர் எமது நெடுநாளைய நண்பர். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். அவருடைய இளைய மகள் தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாம் ஆண்டு மாணவி. தன் பாடங்களுள் ஒன்றாகக் குற்றவியலைத் தெரிந்தெடுத்திருக்கிறாள். அச்செய்தி வீட்டில் ஒரு சிறு கலவரத்தை உண்டாக்கியிருந்ததை நாம் போன சில நிமிடங்களிலேயே உணர்ந்துகொண்டோம்.

தேநீரைக் கொண்டுவந்து வைத்த தாயார் நேரே விஷயத்துக்கு வந்தார். “நீங்களே சொல்லுங்கோ அண்ணை. பொம்பிளைப் பிள்ளைக்குக் கள்வரைப் பற்றிய படிப்பு எதற்கு?”

நண்பர் சிரித்தார். “படித்து முடித்துப் பொலிஸுக்குப் போகப் போகிறாளாக்கும்” என்றார்.

மகள் ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று தன் குறிப்புக் கொப்பியை எடுத்துவந்து எம்மிடம் நீட்டினாள். “மாமா, இதைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கோ” என்றாள். அன்று அத்தாயாருக்கு நாம் அளித்த விடை அரைகுறையானது. இக்கேள்வி இன்று பல தமிழ் வீடுகளில் எழக்கூடியதாகையால், அதற்குரிய முழு விடையை இவ்வாரம் இப்பத்தியில் எழுத முற்படுகின்றோம்.

அக்கொப்பியின் முதற் பக்கத்தில் கைரேகையும் இல்லை. துப்பறியும் கதையும் இல்லை. மூன்று கேள்விகள் மட்டுமே இருந்தன. ஒரு செயலைக் குற்றம் என்று சட்டம் ஆக்குவது எவ்வாறு? அச்சட்டத்தை மனிதர் மீறுவது ஏன்? மீறியபின் சமூகம் என்ன செய்கிறது? அமெரிக்க அறிஞர் எட்வின் சதர்லாந்து இத்துறையின் எல்லையை இம்மூன்றினாலும் வகுத்தார். உலகெங்கும் கல்லூரி மாணவர் முதன்முதலிற் கற்பதும் இவற்றையே. களவு போன இடத்தில் தடயம் தேடுவது தடயவியல். எந்தக் குற்றத்துக்கு எந்தப் பிரிவு என்று ஆராய்வது குற்றவியற் சட்டம். குற்றம் என்னும் மனித நிகழ்ச்சியை, வைத்தியன் நோயை நோக்குவதுபோல் நோக்குவது குற்றவியல். இம்மூன்றையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவதே பெற்றோரின் அச்சத்துக்கு முதற் காரணம்.

முதலாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். குற்றம் என்றால் குற்றந்தானே, அதில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றும். நமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. அதன்படி, தன் உயிரைத் தானே மாய்க்க முயன்று பிழைத்துக்கொண்டவர் குற்றவாளி. மருத்துவமனையிலிருந்து மீண்டவரை நீதிமன்றம் எதிர்பார்த்திருந்தது. 1998ஆம் ஆண்டில் இவ்விதி நீக்கப்பட்டது. அச்செயலின் துயரம் முன்னும் பின்னும் ஒன்றே. மாறியது அதை நோக்கிய கண். நேற்றுவரை குற்றவாளி என்றவரை இன்று நோயாளி என்கின்றோம். இதனை உணர்ந்த மாணவர், ஒருவரைக் குற்றவாளி என்று பிறர் சொல்லக் கேட்டவுடனே, எந்தச் சட்டத்தின்படி, யார் ஆக்கிய சட்டத்தின்படி என்று கேட்கப் பழகுவர். நல்ல பிரசைக்கு வேண்டிய பழக்கம் அது.

இரண்டாவது கேள்வியில் இத்துறை தானே பெரும்பிழை செய்த வரலாறு அடங்கியிருக்கிறது. இத்தாலிய வைத்தியர் செசாரே லொம்புரோசோ 1876இல் வெளியிட்ட நூலிலே, குற்றவாளி பிறவியிலேயே வேறுவகை மனிதன் என்றார். தாடை, நெற்றி, காது ஆகியவற்றின் அமைப்பிலிருந்து அவனை இனங்காணலாம் என்பது அவர் கொள்கை. ஆங்கில வைத்தியர் சாள்ஸ் கோறிங் ஏறக்குறைய மூவாயிரம் கைதிகளை அளந்து, மற்றை மக்களோடு ஒப்பிட்டு, அத்தகைய தனி உருவம் எதுவும் இல்லை என்று 1913இல் காட்டினார். அளவுகோல் கொண்டு எழுந்த பிழை, அளவுகோலாலேயே வீழ்ந்தது.

ஆயின், ஏட்டிலே வீழ்ந்த பிழை நாட்டிலே வீழ்வதற்கு நெடுங்காலம் சென்றது. லொம்புரோசோவின் நூலுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1871இல், பிரித்தானிய இந்திய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியிருந்தது. சில சமூகங்களிற் பிறந்தவர் அனைவரும் பிறப்பினாலேயே குற்றவாளிகள் என்பது அதன் கருத்து. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. குற்றமே செய்யாதவரும் பெயரைப் பதிந்து, கைரேகை கொடுக்க வேண்டியவராயினர். மதுரைப் பகுதியில் பெருங்காமநல்லூர் மக்கள் இதற்கு இணங்க மறுத்தபோது, 1920 ஏப்ரல் 3இல் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்படப் பதினைந்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணம் 1947இலும், இந்தியா முழுவதும் 1952இலும் அச்சட்டத்தினின்று விடுபட்டன. குற்றவியல் கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் மறக்கக்கூடாத பாடம் இது. ஒரு கூட்டத்தையே சந்தேகிப்பது எளிது. எந்த ஊரிலும் ‘அந்தத் தெருப் பையன்கள்’ என்று விரல் நீட்ட ஒரு தெரு இருக்கும்.

பின்வந்த அறிஞர், குருதியை விட்டு, வாழும் இடத்தையும் கூடும் கூட்டத்தையும் நோக்கலாயினர். சிக்காகோ நகரில் குளிபட் ஷோ, ஹென்றி மக்கே என்னும் இருவர் சிறுவர் குற்றங்களை நகரப் படத்திற் குறித்துப் பார்த்தனர். சில குடியிருப்புக்களில் வசித்த இனத்தவர் காலத்துக்குக் காலம் மாறினர். ஆயினும் அவ்விடங்களிற் குற்றம் மட்டும் குறையவில்லை. அங்கிருந்து நல்ல இடங்களுக்குக் குடிபெயர்ந்தவரிடையே குற்றம் குறைந்தது. 1942இல் வெளிவந்த அவ்வாய்வின் கருத்தைத் துறைமுகத்து மக்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். கப்பல்கள் வருவதும் போவதும், தொழில் பெருகுவதும் நின்றுவிடுவதும் தெருக்களின் ஒழுக்கத்தை எவ்வாறு மாற்றும் என்பது அவர்கள் கண்கூடாகக் காண்பது. குற்றம் பிறரோடு பழகிக் கற்கப்படுவது என்று சதர்லாந்து சொன்னார். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்ற நம் பழமொழியின் மறுபக்கம் அது. அவரே 1939இல், மதிப்புக்குரிய பெரிய மனிதர் தம் தொழிலைக் கொண்டே செய்யும் குற்றங்களுக்கு ‘வெள்ளைக் கழுத்துப்பட்டைக் குற்றம்’ என்று பெயரிட்டு, அறிஞர் அவையைத் திடுக்கிடச் செய்தார். கள்வன் என்றவுடன் கிழிந்த சட்டைக்காரனையே நினைக்கும் நமக்கும் அச்சொல் வேண்டியதே.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். குற்றம் நிகழ்ந்தபின் சமூகம் என்ன செய்ய வேண்டும்? நம் வீடுகளில் செய்தித்தாளை வாசித்துவிட்டு முதியவர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுண்டு: “இப்படிப்பட்டவரைத் தூக்கில் போட வேண்டும்.” அத்தீர்ப்பின் பின்னால் இருப்பது நியாயமான கோபம். ஆயினும், 1764இலேயே மிலான் நகரத்து இளைஞரான செசாரே பெக்காரியா இதற்கு மறுமொழி எழுதிவிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. மனிதரைக் குற்றத்தினின்று தடுப்பது தண்டனையின் கடுமையைவிட, அது தவறாமல் வந்துசேரும் என்ற உறுதியே என்பது அவர் வாதம். நூற்றில் ஒருவனைக் கொடுமையாகத் தண்டித்துத் தொண்ணூற்றொன்பது பேரைத் தப்பவிடும் நாட்டைவிட, நூறு பேரையும் அளவாகத் தண்டிக்கும் நாட்டிலே குற்றம் குறையும். கடுமை, தவறாமை என்னும் இவ்விரு சொற்களையும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

இவ்வாதத்தை நமது நாடே சோதித்துப் பார்த்ததுண்டு. 1956இல் பதவிக்கு வந்த பண்டாரநாயக்கா அரசு தூக்குத் தண்டனையை நிறுத்தி வைத்தது. 1958இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. அவ்வாண்டு நியமிக்கப்பட்ட மரண தண்டனை ஆணைக்குழுவுக்கு நோர்வல் மொறிஸ் என்னும் குற்றவியல் அறிஞர் தலைவர். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வேந்தராக விளங்கிய சட்டப் பேராசிரியர் த. நடராசா அதில் ஓர் உறுப்பினர். ஆணைக்குழுவினர் உணர்ச்சியை ஒதுக்கிவைத்து, கொலைகளின் எண்ணிக்கையை ஆராய்ந்தனர். மரண தண்டனையை மீண்டும் கொண்டுவர வேண்டாம் என்று 1959 செப்தெம்பரில் அறிக்கை தந்தனர்.

அதே செப்தெம்பரின் 25ஆம் நாள் பிரதமர் தம் இல்லத்திலேயே சுடப்பட்டு, மறுநாள் மரணமானார். தூக்கை நிறுத்திய அரசின் தலைவரே கொலையுண்டமையால் நாடு கொதித்தது. ஆண்டு முடிவதற்குள் மரண தண்டனை திரும்பி வந்தது. சுட்டவர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். ஆணைக்குழுவின் எண்கள் அக்கொலையினால் பொய்த்துவிடவில்லை. கேட்பதற்கு மட்டும் ஆளில்லாமற் போயிற்று. ஆய்வு ஒரு பக்கமும் ஆத்திரம் மறுபக்கமும் நின்றால் வெல்வது எது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை மாணவர் வேறெங்கும் தேடவேண்டியதில்லை. 1976 ஜூன் மாதத்துக்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும் நீதிமன்றங்கள் அத்தண்டனையைத் தொடர்ந்து விதித்து வந்தன.

கடுமையை விட்டுத் தவறாமைக்கு வருவோம். தண்டனை தவறாமல் வருவதற்கு ஒரு சங்கிலி அறாமல் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் முறையிட வேண்டும். பொலிஸார் அதைப் பதிய வேண்டும். விசாரணை நேர்மையாக நடைபெற வேண்டும். கண்டவர் வந்து கண்டதைக் கூற வேண்டும். அதன் பின்னரே நீதிபதியின் வேலை தொடங்குகிறது. எந்தக் கண்ணி அறுந்தாலும் குற்றம் குற்றமாகவே இருக்கக் குற்றவாளி மட்டும் இல்லாமற் போய்விடுகிறார். முறையிடப்படாமலும் பதியப்படாமலும் மறைந்துகிடக்கும் குற்றங்களின் தொகையை இத்துறையினர் ‘இருண்ட எண்’ என்பர். கணவனின் அடியை, ‘படியில் விழுந்துவிட்டேன்’ என்று சொல்லி மறைக்கும் பெண் அவ்வெண்ணுள் ஒருத்தி. கடன்காரனின் மிரட்டலை விழுங்கிக்கொள்ளும் மீனவர் அதிலே ஒருவர். புள்ளிவிவரத்தில் ஓர் ஊரின் குற்றங்கள் குறைவாக இருந்தால், அவ்வூர் நல்ல ஊராகவும் இருக்கலாம், பயந்த ஊராகவும் இருக்கலாம்.

இங்கேதான் அம்மாணவியின் கதை மீண்டும் தொடங்குகிறது. முதற் பருவத்தின் முடிவில் அவளுடைய விரிவுரையாளர் வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் நிகழ்ந்த ஒரு குற்றத்தை எடுத்து, மேலே கூறிய சங்கிலி அதில் எங்கே நின்றது, எங்கே அறுந்தது என்று நான்கு பக்கத்தில் எழுதவேண்டும். அவள் தெரிந்தெடுத்தது 2006 ஜனவரி 2ஆம் நாள் நிகழ்ச்சியை. அப்போது அவள் தாயின் இடுப்பை விட்டு இறங்காத குழந்தை. தாயாரின் கலவரத்துக்கு உண்மையான காரணம் அதுவே என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று. கள்வரைப் பற்றிய படிப்பென்பது வெறும் சாட்டு. “வேறு எத்தனையோ களவும் சண்டையும் இருக்க, இவளுக்கு இதுதானா கிடைத்தது?” என்று அவர் தணிந்த குரலிற் சொன்னார்.

அந்நிகழ்ச்சியை அறியாத இளம் வாசகருக்காக, பதிவானவற்றை மட்டும் கூறுகின்றோம். அன்று மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே, மாணவரான இளைஞர் சிலர் கூடியிருந்தனர். ஒரு முச்சக்கர வண்டியிலிருந்து அவர்கள்மீது கைக்குண்டு வீசப்பட்டது. அதன்பின் ஐவர் உயிரிழந்தனர். இருவர் காயங்களோடு பிழைத்தனர். இறந்தோர் புலிகள் என்றும், தாம் கொண்டுவந்த குண்டு வெடித்து மாண்டனர் என்றும் முதலிற் கூறப்பட்டது. சுடர் ஒளிப் பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் உடல்களைப் படம்பிடித்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அப்படங்களிலே தெரிந்தன. ஐவரும் சுடப்பட்டனர் என்பதை மருத்துவ பரிசோதனையும் வெளிப்படுத்தியது. முதற் கூற்று நிலைக்கவில்லை. அதே மாதம் 24ஆம் நாள் சுகிர்தராஜன் திருகோணமலை வீதியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

பாரதூரமான சம்பவங்களை விசாரிக்கவென 2006 நவம்பரில் அமைக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன் இவ்வழக்கும் சென்றது. அதன் அறிக்கையைப் பொதுமக்கள் 2015இலேயே காண முடிந்தது. இதனிடையே, 2013இல் விசேட அதிரடிப் படையினர் சிலர் கைதாகி, பின்னர் பிணையில் விடப்பட்டனர். திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சான்று இல்லை என்ற காரணத்தால், குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் 2019 ஜூலை 3இல் விடுவித்தது.

சான்று இல்லையெனின் விடுவிப்பதே நீதிமன்றத்தின் கடமை. அதனை நாம் குறைகூறோம். ஐயத்தின்மேல் ஒருவரைத் தண்டிப்பது பெருங்காமநல்லூர்ப் பாதை. ஆயின் குற்றவியல் மாணவரின் கேள்வி வேறு. ஐந்து உயிர்கள் போனது உண்மை. அவை துப்பாக்கியாற் போனது உண்மை. ஊரின் நடுவே, மக்கள் உலாவும் மாலைவேளையில் நிகழ்ந்ததும் உண்மை. அவ்வாறாயின் சான்று எங்கே போயிற்று? படம்பிடித்தவர் மூன்று வாரத்துள் கொல்லப்பட்ட ஊரில், கண்டவர் எத்தனை பேர் வாய்திறப்பர்? நாட்டை விட்டுச் சென்றவர் எவ்வாறு வந்து சாட்சி கூறுவர்? பதின்மூன்று ஆண்டுகள் கழியும்போது நினைவுகளும் தடயங்களும் எந்நிலையில் இருக்கும்? சங்கிலி அறுந்த இடம் நீதிபதியின் மேசையன்று. அதற்கு நெடுந்தூரம் முன்னால், சாட்சியின் வீட்டு வாசலிலே அது அறுந்திருக்கிறது.

அம்மாணவி தன் கொப்பியில் இன்னொரு குறிப்பையும் எழுதியிருந்தாள். அந்த 2019 ஜூன் மாத இறுதியில், போதைப்பொருட் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்ற நால்வரைத் தூக்கிலிடுவதற்கான ஆணையிற் கையெழுத்திட்டுவிட்டதாக அன்றைய ஜனாதிபதி அறிவித்தார். நாற்பத்து மூன்று ஆண்டுகளாக ஓய்ந்திருந்த தூக்குமரம் மீண்டும் பேச்சாயிற்று. ஜூலை 5இல் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அவ்விரு திகதிகளுக்கும் இடையில், ஜூலை 3இல், திருகோணமலை வழக்கு முடிந்தது. ‘கடுமையைப் பற்றி நாடு முழுவதும் பேசிய கிழமையில், தவறாமை தோற்றதை எவரும் பேசவில்லை’ என்று அவள் பென்சிலால் எழுதி அடிக்கோடிட்டிருந்தாள். முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி பெக்காரியாவை இவ்வளவு செவ்வையாக விளங்கிக்கொண்டாள் என்றால், அவளுடைய விரிவுரையாளரை நாம் வாழ்த்துகின்றோம்.

அறுந்த கண்ணியைப் பொருத்த வழி உண்டா? உண்டு என்பதையும் இதே துறை கற்பிக்கிறது. குற்றவியல் நெடுங்காலம் குற்றவாளியையே நோக்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னரே பாதிக்கப்பட்டவர்மீது அதன் பார்வை திரும்பிற்று. அப்பார்வை ‘பாதிக்கப்பட்டோரியல்’ என்ற தனிக் கிளையாக வளர்ந்தது. பாதிக்கப்பட்டோர்க்குரிய நீதியின் அடிப்படைகளை 1985இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பிரகடனமாக ஏற்றது. தமிழகத்திலே சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறையும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துத் துறையும் இக்கிளையைப் பேணி வளர்த்தன. இவ்விரண்டிலும் பேராசிரியர் கு. சொக்கலிங்கத்தின் உழைப்பு பெரிது. இலங்கையில் 2015இன் 4ஆம் இலக்கச் சட்டம், குற்றத்தாற் பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வேண்டும் என்பதை முதன்முறையாகத் தனிச் சட்டமாக்கிற்று. 2023இல் வேறொரு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. சாட்சியை அச்சுறுத்துவது தனிக் குற்றம் என்பதும், பாதுகாப்புக் கோருவது சாட்சியின் உரிமை என்பதும் இப்போது ஏட்டில் உள்ளன. ஏட்டிலுள்ளதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவது யார்? அவ்வேலையைக் கற்றவர் வேண்டும். தமிழிற் பேசிச் சாட்சியின் அச்சத்தைக் கேட்டறியக்கூடியவரும் வேண்டும்.

ஆகவே, பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. குற்றவியல் கற்ற பிள்ளைகள் அனைவரும் பொலிஸுக்குப் போவதில்லை. சிறையிலிருந்து மீள்வோரைச் சீர்திருத்தும் நன்னடத்தைப் பணி, சிறுவர் பராமரிப்பு, பாதிக்கப்பட்டோர்க்கு உதவும் அமைப்புக்கள், சட்டம், பத்திரிகை, ஆராய்ச்சி என்று அவர்கள் போகும் வழிகள் பல. நமது நாட்டில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இப்பாடம் கற்பிக்கப்படுகிறது. கடல் கடந்து செல்ல வசதியுள்ளோர்க்குச் சென்னையும் திருநெல்வேலியும் உள்ளன.

மாணவருக்கும் ஒரு சொல். துப்பறியும் கதையின் சுவையை எதிர்பார்த்து இப்பாடத்துக்கு வராதீர்கள். எண்களும் சட்டங்களும் பழைய அறிக்கைகளுமே உங்களுக்குக் காத்திருக்கும். முதல் மாதத்தில் அலுப்புத் தட்டும். உங்கள் ஊரிலிருந்து ஒரு கேள்வியைக் கையிற் கொண்டு போங்கள். அதன் ஒளியில் அவ்வெண்கள் பேசத் தொடங்கும். எழுதும்போது, தெரிந்ததையும் கேள்விப்பட்டதையும் வெவ்வேறாக எழுதுங்கள். ஒருவரைக் குற்றவாளி என்று எழுதுமுன் நீதிமன்றம் என்ன சொன்னது என்று பாருங்கள். ஒரு கூட்டத்தைக் குற்றவாளியாக்கி எழுதாதீர்கள். அது உங்களுடைய கூட்டத்துக்குப் பகையான கூட்டமாயினும் எழுதாதீர்கள்.

அன்றைய மாலையின் முடிவையும் சொல்லிவிடுகின்றோம். இருட்டிக்கொண்டு வந்தது. துறைமுகத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. தாயார் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு மகளின் கொப்பியை வாங்கி, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அந்த நான்கு பக்கங்களையும் மெல்ல வாசித்தார். வாசித்து முடித்ததும், “அந்தப் பிள்ளைகளுக்கும் இவளுடைய வயதுதான்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சற்று நேரத்தின் பின், “இதை நல்ல தாளில் எழுதிக் கொடு, பென்சிலால் எழுதினால் அழிந்துபோகும்” என்றார்.

கள்வரைப் பற்றிய படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு, எம்முடைய விடையைவிட அத்தாயாரின் விடை சிறந்தது என்றே கருதுகின்றோம்.